எந்தப் பக்கத்தில் கெட்டான்?

நொய்யல் கரையில் ஒரு ஓட்டுவீடு. அதுதான் அங்காத்தம்மாளின் ஆசிரமம். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். குருவும்தான். நம் வீடுகளில் இப்படி ஒரு சட்டம் போட்டால் பாதி ஆண்கள் பட்டினி கிடப்பார்கள். அது வேறு கதை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சீடர்கள் உட்கார்ந்து ஒரு பழைய நாவலை வாசிப்பார்கள். சாத்திரம் என்றால் குறட்டை கேட்கிறது, கதை என்றால் ஒருத்தரும் கண்ணயர்வதில்லை என்பது அம்மாவின் கட்சி.

அந்த நாவலில் சின்னையன் என்று ஒருவன். ஒற்றைப் பசுமாட்டை வைத்துக்கொண்டு, இருப்பதை ஊரோடு பகிர்ந்து தின்றவன். எங்கிருந்தோ சொத்து வருகிறது. கடைசியில் பெற்ற தாயையே வாசலில் நிற்க வைக்கிறான்.

சீடர்களில் ராக்கியப்பன் குருவைவிட வயதில் மூத்தவர். அவர் ‘அம்மா’ என்பார். குரு ‘அண்ணா’ என்பார். ஆசிரமத்துக்கு அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு வேட்டியும், தன் தாயின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டும்.

போன வாரம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வக்கீலிடமிருந்து போன் வந்தது. பிள்ளையில்லாத பெரியப்பா, நூல் மில்லை இவர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். அன்றிலிருந்து மனுஷன் நிலைகொள்ளாமல் அலைந்தார்.

இன்று சாப்பாடு ஆனதும், நாவலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். அம்மா அங்கே தேங்காய் நாரும் சாம்பலுமாக உட்கார்ந்து தட்டு தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கார் வந்துருமுங்க அம்மா. மில்லை வாங்கிட்டா நானும் இந்தச் சின்னையனாட்டம் ஆயிருவனோன்னு பயமா இருக்குதுங்க.”

“வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்க.”

“அதுக்கும் மனசு வரமாட்டேங்குதுங்க.”

அம்மா சிரித்துவிட்டார். “நெசத்தைச் சொன்னீங்க.”

“இவன் எந்தப் பக்கத்துல கெட்டான்னு சொல்லுங்க. தெரிஞ்சா, அந்த எடம் வர்றப்ப நான் உஷாராயிக்குவேன்.”

“நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

ராக்கியப்பன் ஏற்கெனவே ஒரு பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார். “தாயை வாசல்ல நிறுத்தறான் பாருங்க, இங்கதான்.”

“புஸ்தகத்தை மடிக்காதீங்கன்னு எத்தனை தடவைண்ணா சொல்றது? அதுக்கும் முன்னாடி.”

அவர் மடிப்பை நீவிவிட்டுப் பின்னால் புரட்டினார். “கூலி கேட்டவனை நாயை வுட்டுத் துரத்தறான்.”

“முன்னாடி.”

“கூட்டாளிக்கு வெறுங்காப்பி. இவன் உள்ள போயி ஒளிஞ்சு நின்னு அதிரசம் திங்கறான்.”

“அந்த எடத்தை ருசியாத்தான் எழுதியிருக்காங்க. இன்னும் முன்னாடி.”

ராக்கியப்பனுக்குக் கோபம் வந்தது. “அதுக்கு முன்னாடி பணமே வரலீங்களே! தந்திதான் வருது. பால் கறந்துட்டிருக்கறவன் பாதியில வுட்டுட்டு வாசலுக்கு ஓடறான். மிச்சத்தைப் பொண்டாட்டி கறக்கறா. இதுல என்னங்க தப்பு?”

“ஒரு தப்பும் இல்லீங்க. யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க.”

அம்மா இன்னொரு பிடி சாம்பல் எடுத்தார்.

“மறுநாள் யார் கறந்தாங்க?”

ராக்கியப்பன் வரியில் விரலை ஓட்டினார். “அவதானுங்க.”

“அதுக்கும் மறுநாள்?”

“அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்லீங்க. அவதான் கறந்திருப்பா. இவனுக்கு ஞாபகமே இருந்திருக்காது.”

அம்மா தட்டைத் தொட்டியில் முக்கி எடுத்தார். சாம்பல் போனது. விளிம்பில் பெயர் தெரிந்தது: பாவாயி.

ராக்கியப்பன் பெயரைப் பார்த்தார். அம்மாவின் விரல்களைப் பார்த்தார். போன் வந்த அன்று எச்சில் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் என்ன செய்தார் என்று யோசித்தார். வரவில்லை. நேற்று? அதுவும் வரவில்லை. வேளாவேளைக்குத் தட்டு மட்டும் பளபளவென்று அவர் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

“நீங்களுங்களா அம்மா கழுவி வெச்சது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?”

“சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீங்க சின்னையனைத் திட்டறதுல மும்முரமா இருந்தீங்க.”

அவர் புத்தகத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.

“குடுங்க. நாளைக்கு நான் போகட்டுங்களா, வேண்டாங்களா? அதையாவது சொல்லுங்க.”

அம்மா தட்டை முந்தானையால் துடைத்து அவர் கையில் வைத்தார்.

“போயிட்டு வாங்கண்ணா. இதையும் எடுத்துட்டுப் போங்க. இந்த ஒரு பக்கத்தை மடிச்சு வெச்சுக்கலாம்.”