மஞ்சள் துணி கட்டிய வண்டி

ஆலத்தை உண்டு அதன் அனலை மிடற்றிலேயே அடக்கி நின்ற பெருமானின் திருவடி போற்றி.

மலைப்பாதையின் பாதி வழியில் கோமளவல்லியின் பட்டறை இருந்தது. அவளிடம் தொழில் பயின்ற சிவக்கொழுந்து அவளினும் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். தாயின் சிகிச்சைக்காக அவள் இரண்டு மாதம் வெளியூரில் தங்க நேர்ந்தபோது பட்டறையை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றாள்.

அந்நாளில் அவர் ஒரு வழக்கம் தொடங்கினார். பழுது நீங்கிப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும், அம்மன் சந்நிதியில் வைத்தெடுத்த மஞ்சள் துணியை நான்காக மடித்து, வேப்பிலை செருகி, முகப்பை மூடி அகலக் கட்டினார். அதை அவிழ்க்க எவருக்கும் மனம் வரவில்லை.

கோமளவல்லி திரும்பி வந்த அன்று காலை, முகப்பில் மஞ்சள் துணி கட்டிய நர்ஸ் எஸ்தரின் கார் ஆவி கக்கியபடி வந்து நின்றது.

"மேல்முடி எஸ்டேட்டுல பாக்கியத்துக்கு விடியக்காலையிலேருந்து வலி. சீக்கிரம் பாருங்க."

சிவக்கொழுந்து எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். அடியில் மோர் போல வெண்மை படிந்திருந்தது.

"ஹெட் கேஸ்கெட் போயிருச்சு சிஸ்டர். இன்ஜினோட தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற தகடு. எண்ணெயில தண்ணி கலந்திருச்சு. பிரிச்சா நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா? அதுவரைக்கும் வயித்துக்குள்ளேயே இருன்னு பிள்ளைகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க!"

அவர் ஸ்பானரை எடுத்தார்.

"கீழ வைங்க அண்ணே," என்றாள் கோமளவல்லி. "தகடு போச்சுன்னு யார் சொன்னது?"

"இந்த மூடியே சொல்லுதே அம்மா."

"மலைக்குளிர்ல மூடி வேர்க்கும். உங்க வீட்டு இட்லிப் பானை மூடிகூடத்தான் வேர்க்குது. பானை ஓட்டைன்னு தூக்கிப் போட்டுருவீங்களா?"

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தாள். எண்ணெய் தேன் நிறத்தில் தெளிந்திருந்தது.

பின்பு கத்தியோடு வண்டியின் முன்னே வந்தாள். மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரே இழுப்பில் அறுத்தாள். அது மறைத்திருந்த, காற்று புகும் கம்பி வலை வெளிப்பட்டது.

"அம்மா! அது அம்மன் துணி!" சிவக்கொழுந்தின் குரல் உடைந்தது. எஸ்தர் ஓரடி பின்வாங்கிச் சிலுவைக் குறியிட்டாள்.

கோமளவல்லி துணியைக் கொண்டுபோய் அம்மன் படத்தின் முன் வைத்தாள். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தாள். ஆறியதும் இன்ஜினைக் குளிரவைக்கும் ரேடியேட்டரில் நீர் நிரப்பி, மூடாமலே வண்டியைக் கிளப்பச் சொன்னாள்.

"தண்ணியைப் பாருங்க அண்ணே. தகடு போயிருந்தா குமிழி நிக்காம வரும்."

இரண்டு குமிழிகள் எழுந்தன. மூன்றாவது எழவில்லை. அவள் ரேடியேட்டரை மூடினாள். முடுக்கிப் பிடித்தும் வெப்பம் காட்டும் முள் நடுவே வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

எஸ்தர் அவசரமாய் ஏறி அமர்ந்தாள்.

"மேல வேற வண்டியே இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"சவரியப்பன் ஜீப் இருந்துச்சே! பிரசவத்துக்கெல்லாம் அதுதான் இறங்கும். இங்க பழுது பார்த்துட்டுப் போன ரெண்டாம் நாளே மலையேறும்போது கொதிச்சு நின்னுச்சுன்னு திரும்பக் கொண்டாந்தாங்க. இன்ஜின் முடிஞ்சுபோச்சுன்னு இவர்தான் சொன்னார். பழைய இரும்புக்குக் கொடுத்துட்டாங்க. போன வாரம் ஒருத்தியைக் கம்பளியில கட்டித் தூக்கிட்டு இறங்கினாங்க. பாதி வழியில..."

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள். கார் மேலேறி வளைவில் மறைந்தது.

நண்பகலில் அதே கார் கீழே இறங்கிற்று. நிற்கவில்லை. எஸ்தர் சன்னல் வழியே கை நீட்டி அசைத்தாள். பின்னிருக்கையில் ஒரு பெண்ணும், அவள் மார்பில் துணிப்பொதி போன்ற சிசுவும் தெரிந்தன.

சிவக்கொழுந்து காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"அம்மா," என்றார். "அந்த ஜீப்புல மூடியை மட்டுந்தான் பார்த்தேன். கம்பியை உருவலை. தண்ணியையும் பார்க்கலை. அதுக்குத் தகடு நிஜமாவே போயிருக்குமா?"

கோமளவல்லி அம்மன் படத்தின் முன்னிருந்த துணியை எடுத்து வந்து, அவருடைய இரு கைகளிலும் வைத்தாள்.

"அதோட முகத்துல என்ன கட்டியிருந்துச்சு அண்ணே?"

அவர் கைகள் நீட்டியபடியே இருந்தன.

இதைக் கேட்பவர் இல்லங்களில் பேறு நோக்கும் பெண்டிர் யாவரும் நலமே பெற்றெழ, நஞ்சுண்ட பெருமான் துணை நிற்க.