எல்லைப் பாறையில் கேட்ட தவளைக் குரல்

மூங்கில் காட்டில் கரிச்சான் குருவி ஒன்று இருந்தது. எந்தக் குரலையும் அச்சு அசலாக எடுத்துவிடும். காட்டின் எல்லையில் ஒரு பாறை. அதற்கு அப்பால் செந்நாய்க் கூட்டம். கரிச்சான் பாறையில் உட்கார்ந்து வெளியே பார்த்துப் புலி மாதிரி உறுமும். செந்நாய்கள் ஓடிப்போகும். அதுதான் அதற்கு அரசாங்க வேலை.

அந்த வேலைக்கு ஒரு சட்டமும் இருந்தது. பொய்க்குரலை வெளியே பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சொந்தக் காட்டைப் பார்த்துப் பேசினால் சொந்தக் குரலில், கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கரிச்சான் சொன்னால் மான்கள் மறுபேச்சுப் பேசாமல் நம்பின.

அந்தக் கோடையில் மழை ஏமாற்றிவிட்டது. எல்லைப் பாறையடிக் குட்டையும் வற்றியது. மேற்கு மலையைத் தாண்டிப் போய்விடலாம் என்று மிருகங்கள் பேசிக்கொண்டன. அந்தக் காட்டுக்கு ராஜாவான காட்டெருமை கணக்குப் போட்டுப் பார்த்தது. எல்லோரும் போய்விட்டால் யாருக்கு ராஜா?

கரிச்சானைக் கூப்பிட்டு, "குட்டைப் பக்கமிருந்து தவளை மாதிரி கத்து. மறுபடி தண்ணி ஊறிடுச்சுன்னு நெனச்சு இருந்துடுவாங்க" என்றது.

"நம்ம சனத்துகிட்டப் பொய்க்குரல் கூடாதுங்களே ராஜா."

"யாரு அவங்ககிட்டக் கத்தச் சொன்னது? நீ வெளியே பார்த்தே கத்து. காத்து இந்தப் பக்கம் அடிச்சா அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

கரிச்சான் யோசித்தது. சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாவி, அங்கேதான் அது கோட்டைவிட்டது. வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு தவளையாய்க் கத்தியது. காற்று அதைக் காடு முழுக்கக் கொண்டுபோனது. மூட்டை கட்டிய மிருகங்கள் நிம்மதியாகப் படுத்துக்கொண்டன.

செம்பி என்ற புள்ளிமானும் தங்கிவிட்டது. அதன் குட்டி நோஞ்சான். மறுநாள் செம்பி கேட்டது, "அண்ணே, தவளை கத்துதே, குட்டையில தண்ணி இருக்குதா?"

"நான் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன் தங்கச்சி. கவனிக்கலை" என்றது கரிச்சான். செம்பி குட்டியை அழைத்துக்கொண்டு வெயிலில் குட்டைக்குக் கிளம்பியது.

கரிச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கேயாவது தண்ணீர் இருக்கிறதா என்று பறந்து பறந்து தேடியது. கடைசியில் ஒரு பாறை இடுக்கில் சுனை தட்டுப்பட்டது. அடியில் கொஞ்சம் தண்ணீர். அந்தக் குட்டிக்கு அது போதும். அலறியடித்துக்கொண்டு குட்டைக்குப் பறந்தது.

குட்டை வெடித்துக் கிடந்தது. குட்டி நாக்கு வெளியே தள்ளி விழுந்திருந்தது. செம்பி அதை நக்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, இடப்பக்கப் பாறை இடுக்குல சுனை இருக்கு. என் கண்ணால பார்த்தேன். எழுப்பிக் கூட்டிட்டு வா."

செம்பி வறண்ட குட்டையைப் பார்த்தது. பாறையைப் பார்த்தது. ஒரு தவளைகூட இல்லை. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இது எந்தப் பக்கம் பார்த்துச் சொல்ற பேச்சுண்ணே?" என்று கேட்டது. குரலில் கோபம் இல்லை. அதுதான் கரிச்சானை அறுத்தது.

"சத்தியமா தங்கச்சி, இது என் சொந்தக் குரல்."

"எனக்கு இனிமே வித்தியாசம் தெரியலைண்ணே." செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கரிச்சான் சுனைக்குப் பறந்து அலகில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. வருவதற்குள் குட்டியின் மூச்சு நின்றிருந்தது. சுனை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. விஷயம் ராஜாவிடம் போனபோது, சட்டம் மீறப்படவே இல்லை என்று அது தீர்ப்புச் சொன்னது. கரிச்சான் அழுதது. அதையும் யாரும் நம்பவில்லை.

சட்டத்தில் சந்து தேடிச் சொந்தச் சனத்தின் காதில் பொய்யை ஊதும் அரசு, ஆபத்தில் அவர்களைக் காப்பாற்ற வேண்டிய உண்மையையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது.