பெயர் சொல்லி ஆடியவர்

போத்தனூரில் சார்ல்ஸ்டன் என்ற ஜோடி நடனம் கற்றுக்கொடுத்த லொரெய்னுக்கு வயது முப்பத்துமூன்று. பகலில் பணிமனையில் வெல்டிங் வேலை. சனிக்கிழமை மாலைகளில் பழைய மன்றக் கட்டிடத்து மாடியில், பலகைத் தரையில், ஆட்டம். அவளிடம் கற்க வந்த அறவாழிக்கு ஐம்பத்தாறு. அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் அவரை சார் என்றாள்.

அறவாழி முப்பது வருடம் ஒரு தாவர ஆய்வு நிலையத்தில் இருந்தவர். உலர்த்திய செடியைத் தாளில் ஒட்டி, கீழே பெயர் எழுதுவது அவர் வேலை. பெயர் தெரியாத செடி ஒன்று மேசையில் கிடந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. விருப்ப ஓய்வுக்குப் பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்துபோன வழியில் மாடியிலிருந்து இசை கேட்டது. ஏறிப் பார்த்தார். ஆறு ஜோடிகள் ஒரே நேரத்தில் கால் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டார்.

லொரெய்ன் சொன்னாள். அவர் அங்கேயே செருப்பைக் கழற்றினார்.

எட்டு எண்ணிக்கை. ஒரு கால் பின்னே போகும், எடை முன்னே திரும்பும். ஒரு வீச்சு, ஓர் அடி. மறுகால் முன்னே ஒரு வீச்சு, பின்னே ஒரு வீச்சு, மறுபடி ஓர் அடி. இருவரும் அருகருகே நின்று ஆடினால் அது சைடு பை சைடு. ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே நின்று, இடுப்புயரத்தில் கை கோத்து ஆடினால் டாண்டம். எதிரெதிரே கை பிடித்து ஆடினால் ஹேண்ட் டு ஹேண்ட். அறவாழி ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டார். படம் வரைந்து, கீழே பெயர் எழுதினார். லொரெய்ன் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பெயர் சொன்னாள். மூன்று மாதத்தில் முப்பத்தெட்டு அட்டைகள் சேர்ந்தன.

அவருக்கு ஜோடியாக மரகதம் வாய்த்தாள். நாற்பத்தொரு வயது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலோடு காது போய்விட்டது. அச்சகத்தில் வேலை. இயந்திரத்தில் தாள் சிக்கினால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் முன்பே அவள் பாதத்துக்குத் தெரிந்துவிடும். இசையும் அவளுக்குப் பலகை வழியாகத்தான் வந்தது. மூன்று வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் தவறியதில்லை.

அறவாழி ஆடும்போது ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் அதன் பெயரைச் சொன்னார். பக்கத்தில் நிற்கையில் மரகதம் ஓரக்கண்ணால் அவர் உதட்டைப் படித்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தன் பெயர்களால்தான் ஆட்டம் நடக்கிறது என்று நினைத்தார்.

ஒருநாள் டாண்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் முன்னே, அவர் பின்னே.

"ஹேண்ட் டு ஹேண்ட்" என்றார் அறவாழி.

சொன்ன கையோடு அவளைத் திருப்பினார். அவள் கால் அப்போது பின்வீச்சில் வந்தது. அவர் கால் முன்வீச்சில் போனது. அவருடைய ஷூவின் முனை அவள் கணுக்காலில் பட்டது. அவள் பலகையில் விழுந்தாள். கால் அங்கேயே வீங்கத் தொடங்கிவிட்டது. லொரெய்ன்தான் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மூன்று சனிக்கிழமைகள் மரகதம் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு அறவாழி நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், என் தப்பு என்ன? பேரைச் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க."

"அவங்க எதாச்சும் சொன்னாங்களா?"

லொரெய்ன் போனை எடுத்து மரகதம் அனுப்பிய செய்தியைக் காட்டினாள். இரண்டே வரி. 'அவர் ஆடும்போது பேசிக்கொண்டே இருக்கிறார். என்னிடம் இல்லை.'

அறவாழி அதை இரண்டு முறை படித்தார். காது சூடானது.

"நான் வேணும்னு பண்ணலைங்க."

"தெரியும் சார். வந்து முன்னாடி நில்லுங்க."

"நானா? நான் எப்பவும் பின்னாடிதானே?"

"இன்னிக்கு முன்னாடி."

அவள் பாட்டைப் போட்டாள். அவருக்குப் பின்னால் வந்து நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள். வெல்டிங் செய்த உள்ளங்கை, சொரசொரப்பாக இருந்தது. ஆடத் தொடங்கினார்கள். அடிப்படை அடி, இரண்டு முறை. மூன்றாம் முறை அவள் கையில் ஏதோ மாறியது. அறவாழி மனதுக்குள் முப்பத்தெட்டு அட்டைகளையும் புரட்டினார். இது எதுவாக இருக்கும்?

லொரெய்ன் நின்றுவிட்டாள்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"நீங்க போயிட்டீங்க சார்."

"இங்கதானே நிக்கறேன்?"

அவள் பாட்டை முதலிலிருந்து போட்டாள். மறுபடி ஆடினார்கள். மறுபடி அவர் ஓர் அட்டையைத் தேடினார். அவர் தோள் இறுகியது. அவள் நின்றாள். ஐந்து முறை இப்படி. ஆறாவது முறை அவருக்கு மூச்சு வாங்கியது. தேடுவதற்குத் தெம்பில்லை. அவள் கை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது, அவர் சாய்ந்தார். கை தாழ்ந்தது, அவர் குனிந்தார். கை ஒரு கணம் எதுவும் சொல்லாமல் இருந்தது, அவரும் காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விடுவது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது.

"கடைசியா செஞ்சோமே, அது அட்டையில இருக்குங்களா?"

"எது சார்?"

அறவாழி சொல்ல முயன்றார். வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் அச்சகத்துக்குப் போனார். இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்துப் போயிருந்தார். மரகதம் இயந்திரத்துக்குத் தாள் ஊட்டிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. கடிதத்தை வாங்கி நான்கு வரி படித்தாள். மடித்தாள். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து கடிதத்தின் முதுகில் எழுதிக் காட்டினாள்.

'சனிக்கிழமை வாயை மூடிக்கிட்டு வருவீங்களா?'

அறவாழி தலையாட்டினார். பிறகு அது போதாது என்று தோன்றியது. இன்னொரு தடவை, மெதுவாக ஆட்டினார். அவள் சிரிக்கவில்லை. ஆனால் கடிதத்தைக் குப்பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மரகதம் வந்தாள். கட்டு இல்லை. படியேறும்போது மட்டும் இடது காலைப் பார்த்து வைத்தாள்.

இசை தொடங்கியது. அருகருகே நின்றார்கள். அறவாழியின் உதடு ஒருமுறை திறந்தது, மூடிக்கொண்டது. மரகதம் இப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு சுற்று தடுமாற்றம். அவர் பிந்தினார், அவள் நின்று கூட்டிக்கொண்டு போனாள். பிறகு அவளை முன்னே அனுப்பி, பின்னால் போய்க் கை கோத்தார்.

அவளுடைய வலது தோள் ஒவ்வொரு எட்டிலும் ஒருமுறை சிறிதாக ஏறி இறங்கியது. முன்பு இப்படி இல்லை. இடது கால் வலிக்கிறது என்பது அவருக்குக் கை வழியாக வந்தது. அவர் தன் வீச்சைப் பாதியாக்கினார். அவள் வீச்சும் பாதியானது. அடுத்த எட்டில் அவர் வீச்சையே விட்டுவிட்டு, அந்த இடத்தில் அவள் எடையைத் தன் இரு கைகளிலும் வாங்கிக்கொண்டார். அவள் காலைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்தி, அப்படியே வைத்திருந்தாள். இருவரும் இரண்டு எண்ணிக்கை அசையவில்லை. அடுத்த அடியைச் சேர்ந்தே வைத்தார்கள். பலகை ஒரே ஒலி எழுப்பியது. அதே இடம் வந்தபோது மறுபடி அவளே கைகளில் சாய்ந்தாள்.

மற்ற ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பாட்டு முடிந்ததும் ஒருவர் கேட்டார். "அந்த நிக்கற இடம், அதுக்குப் பேர் என்னங்க?"

எல்லோரும் அறவாழியைப் பார்த்தார்கள். பெயர் கேட்டால் அவரிடம் கேட்பதுதான் அங்கே வழக்கமாகியிருந்தது.

அவர் மரகதத்தைப் பார்த்தார். அவளுக்கு வியர்த்திருந்தது. அவள் வலது கையை வளைத்து, இடது உள்ளங்கையில் தொட்டு எடுத்தாள்.

பறவை உட்கார்வது போல இருந்தது. அல்லது மூடி திறப்பது போல. அது என்ன சொல் என்று அறவாழிக்குத் தெரியவில்லை. மரகதத்தின் சைகை மொழி அந்த மாடியில் லொரெய்னுக்கு மட்டும்தான் தெரியும்.

"மாஸ்டர், அவங்க அதுக்கு என்ன பேர் வச்சிருக்காங்க?"

லொரெய்ன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது பேர் இல்ல சார். இன்னொரு தடவை ஆடலாமான்னு கேக்கறாங்க."