குறி தப்பிய பதினோரு வெடி

"பரங்கிக்குச் சமாதானம் வேண்டாம், சாமி. அவனுக்கு ரத்தம்தான் வேணும்."

இப்படிச் சொன்னவர் அழகாத்ரி, நாயக்க மன்னரின் தூதர். வயது அறுபது. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய குரு கனகசபைத் தம்பிரான். அவருக்கு நாற்பதுகூட இருக்காது.

கடலோரக் கோட்டையில் இருந்த பரங்கிகளோடு சமாதானம் பேச அழகாத்ரி இரண்டு முறை போனார். இரண்டு முறையும் கோட்டை வாசலை நெருங்கியதுமே பீரங்கி முழங்கியது. திரும்பி வந்துவிட்டார். நாளை மூன்றாவது முறை. அதுவும் பொய்த்தால் மன்னர் படையை இறக்குவார். கோட்டையை ஒட்டிய ஊரில்தான் அழகாத்ரியின் மகள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"எத்தனை வெடி?"

"தடவைக்குப் பதினொண்ணு."

"எத்தனை பேர் செத்தாங்க?"

"ஒருத்தரும் இல்லை. குறி பார்க்கத் தெரியாத பயலுக."

தம்பிரான் சிரிக்கவில்லை. நானாயிருந்தால் சிரித்திருப்பேன்.

அழகாத்ரி குடிக்கத் தண்ணீர் கேட்டார். தம்பிரான் எழுந்துபோய், நிறைந்த பானையைத் தூக்கி அவர் காலடியிலேயே கவிழ்த்தார்.

காலையிலிருந்து வெயிலில் வந்த மனிதர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வாசல் வரை போனவர், அங்கே நின்றார்.

"எதுக்கு சாமி கொட்டினீங்க?"

"நேத்துத் தண்ணி. பூச்சி விழுந்து கிடக்கு. உங்களுக்குப் புதுசா இறைக்கப் போறேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். பரங்கிகிட்ட கேட்டீங்களா?"

"ஒரு தூதன் போய் எனக்குத் தெரியலைன்னு கேட்கறதா? மன்னருக்குத் தலைகுனிவு, சாமி."

தம்பிரான் காலிப் பானையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மறுநாளும் பீரங்கி முழங்கியது. கூட வந்த வேல்வீரர்கள் கேடயத்தை உயர்த்தினார்கள். அழகாத்ரி பல்லக்கை நிறுத்தச் சொல்லி இறங்கினார். மகளை நினைத்துக்கொண்டு புகைக்குள் நடந்தார். பதினோராவது வெடி ஓய்ந்தபோது கோட்டை வாசலில் நின்றார்.

"எங்களை எதுக்குச் சுடறீங்க? எனக்குத் தெரியலை" என்றார்.

பரங்கித் தலைவன் சொன்னதைத் துபாஷி தமிழில் சொன்னான்.

"குண்டு போடாத வெடிங்க. விருந்தாளி வந்தா, இருக்கிற மருந்தை வெடிச்சுத் தீர்த்துடுவாங்களாம். பீரங்கி காலி, பயப்படாம வாங்கன்னு அர்த்தமாம்."

தலைவன் இன்னும் ஏதோ கேட்டான். துபாஷி கொஞ்சம் தயங்கினான்.

"அவருக்கும் ஒண்ணு தெரியலையாம். சமாதானம் பேச வர்றவர் மூணு தடவையும் எதுக்கு நூறு வேலோட வர்றீங்கன்னு கேட்கறார்."

அழகாத்ரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார்.

"அது அவருக்கு நான் செய்யற மரியாதை" என்றார்.