எல்லைக்கல்லின் வயது

இருட்டியதும் கொல்லையில் கர்ர்... கர்ர்... என்று எதையோ இழுக்கும் சத்தம். வீட்டுக்காரர் வெளியூரில். பத்து மாதக் குழந்தையை அணைத்தபடி, கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுத்தந்த ஜெபம் அத்தனையும் சொன்னேன். எட்டிப் பார்க்கத்தான் தைரியமில்லை.

விடிந்தால், எங்கள் கொல்லைக்குள் ஒரு எல்லைக்கல். அதற்கு அப்பால் போய்விட்ட எங்கள் கக்கூஸ் கதவில் புதுப்பூட்டு. பக்கத்து மனைகளை விற்கிற குருபாதம் அண்ணாச்சி, வாங்க வந்த நாலு பேரோடு நின்றார்.

"கல்லுக்கு இந்தப் பக்கம் என் இடம்மா. நாளைக்கு இடிச்சிருவேன்."

வீட்டு வேலை செய்கிற முப்பிடாதி கல்லடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கல்லு எப்ப நட்டது அண்ணாச்சி?"

"எங்கப்பா நட்டது. முப்பது வருசமா அசையலை."

"சத்தியமா?"

"எம்பிள்ளை மேல சத்தியம்."

அவள் ஒரு தள்ளு தள்ளினாள். கல் சாய்ந்தது. குழிக்குள், நேற்று நான் கொடியில் காயப்போட்ட மஞ்சள் சாக்ஸ்.

"முப்பது வருசக் கல்லுக்கு அடியில பத்து மாசப் பிள்ளையோட சாக்ஸ் எப்படிப் போச்சு அண்ணாச்சி?"

வாங்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பைக்கைக் கிளப்பினார்கள். முப்பிடாதி கையை நீட்டினாள், சாவி வந்தது. விடிந்ததிலிருந்து அடக்கிக்கொண்டு நின்ற நான், குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கி ஓடிப்போய்க் கக்கூஸைத் திறந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.