ஆள் வைத்து நடந்த நேர்த்தி

ஆறுகளுக்குப் பாலம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், ஆலங்கரையில் வைரவநாதர் என்று ஓர் உப்பு வணிகர் இருந்தார். அவர் வயிறு முதலில் வாசலுக்கு வரும். அவர் பின்னால் வருவார். பொய்யில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. ஒரு செக்கு எண்ணெயைக் குடித்த பிறகும் முழங்கால்கள் மடங்கவில்லை. கடைசியில், "மும்மண் ஐயனே, காலைக் கொடு. உன் மலைக்கு வெறுங்காலோடு நடந்தே வருகிறேன்" என்று நேர்ந்துகொண்டார். மறுநாளே கால் மடங்கியது.

அந்த மலைக்குப் போகும் பாதை மூன்று ஆற்றுப் பள்ளத்தாக்குகளைக் கடக்கும். முதல் ஆற்றங்கரை செம்மண், இரண்டாவது கரிசல், மூன்றாவது வெண்மணல். மலைவாசலில் பூசாரி மஞ்சள் துணி விரித்து வைத்திருப்பார். அதைக் கழுவாத காலால் மிதிக்க வேண்டும். எத்தனை ஆற்றில் இறங்கி ஏறினாலும், நடந்தவன் பாத வெடிப்பில் ஏறிய மண் போகாது. மூன்று மண்ணும் துணியில் பதிந்தால் நேர்த்தி தீர்ந்தது. பதியாவிட்டால், விட்ட கால் மறுபடி பிடிக்கும். அப்படிப் பிடித்த ஒருவர், பேரன் பேத்தி எடுக்கும்வரை நின்றபடியே தூங்கினாராம்.

வைரவநாதருக்குக் கால் வேண்டும், நடை வேண்டாம். நடக்க முடியாதவருக்காக இன்னொருவர் நடக்கலாம் என்றொரு வழக்கம் உண்டு. அப்படி ஊரார் நேர்த்திக்கு நடப்பதே பேச்சிமுத்துவின் பிழைப்பு. அவனைக் கூப்பிட்டு, "எனக்காக நடந்துவிட்டு வா. ஒரு கறவை எருமை தருகிறேன்" என்றார்.

பேச்சிமுத்து கிளம்பிப் போனான். வைரவநாதர் சாப்பிட உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. 'இவன் பாதி வழியில் ஏமாற்றினால், போவது என் கால் அல்லவா!'

எழுந்தார். முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். வண்டி கட்டினால் மாட்டுச் சலங்கை காட்டிக்கொடுக்கும். அதனால் வண்டி வேண்டாம். செருப்புச் சத்தமும் கேட்கும். அதையும் வீட்டிலேயே விட்டார்.

முதல் ஆறு வந்தது. 'பரிசலில் ஏறிவிடுவான்' என்று பார்த்தார். ஏறவில்லை, தண்ணீரில் இறங்கினான். அவரும் இறங்கினார். 'இன்று ஒழுங்காக நடந்தான். நாளைக்குத்தான் ஏமாற்றுவான்.'

இரண்டாவது ஆற்றங்கரையில் ஒரு வண்டிக்காரன், "ஏறிக்கோ தம்பி, சேறு காலைப் புடுங்கும்" என்றான். "வேண்டாம்ணே, இது நேர்த்தி நடை" என்றான் பேச்சிமுத்து. கரிசல் சேறு அப்பி, வைரவநாதரின் ஒவ்வொரு காலும் ஓர் அம்மியாகக் கனத்தது. 'நாளைக்குத்தான் ஏமாற்றுவான்.'

மூன்றாவது ஆற்றில் மணல் கொதித்தது. 'நிழலில் படுத்துவிட்டு, அப்படியே ஊருக்குத் திரும்பிவிடுவான்' என்று பார்த்தார். அவன் நிழல் பக்கமே போகவில்லை. அவர் தவளைபோலத் தத்தித் தத்திப் பின்தொடர்ந்தார்.

வழியில் ஒவ்வொரு சாவடியிலும் பேச்சிமுத்து பாதிக் கஞ்சியைக் கலயத்தோடு வைத்துவிட்டுப் போனான். "திமிர் பிடித்தவன், சோற்றை வீணாக்குகிறான்" என்று திட்டிக்கொண்டே வைரவநாதர் அதைக் குடித்துத் தீர்த்தார்.

மலைவாசல் வந்தது. பூசாரி துணியை விரித்தார்.

"யார் நேர்த்தி?"

"ஆலங்கரை வைரவநாதர் நேர்த்தி, சாமி."

"அவர் நடக்க முடியாதவரா?"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "அதை நான் எப்படிச் சொல்ல? அந்தப் புளியமரத்துக்குப் பின்னால நிக்கிறார். நீங்களே கேளுங்க."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வைரவநாதர் வெளியே வந்தார். "அடப்பாவி! எப்போதிலிருந்து தெரியும்?"

"முதல் ஆத்துலயே தெரியும் ஐயா. நான் இறங்கினப்போ தண்ணி இடுப்பளவு. நீங்க இறங்கினதும் என் கழுத்துக்கு வந்துருச்சு."

"அப்போ அந்தக் கஞ்சி?"

"நீங்க வழியில விழுந்துட்டா எருமைக்கு நான் யாரைக் கேப்பேன்?"

பூசாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வைரவநாதரின் கையைப் பிடித்துத் துணிமேல் ஏற்றினார். சிவப்பு, கறுப்பு, வெள்ளை. மூன்றும் பளிச்சென்று பதிந்தன. நேர்த்தி தீர்ந்தது.

வணிகருக்குப் புத்தி உடனே கடைக்குத் திரும்பியது. "என் காலால் நானே நடந்திருக்கிறேன். பிறகு உனக்கு எருமை எதற்கு?"

"நான் நடக்கலேன்னா, நீங்க யார் பின்னால வந்திருப்பீங்க?"

வைரவநாதர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வலது முழங்கால் 'மடக்' என்று மறுபடி பிடிக்கப் பார்த்தது.

"கன்றையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டு போ!" என்று அலறினார்.

எருமை பேச்சிமுத்து வீட்டுக்கு வந்தது. ஊர் திரும்பவும் வைரவநாதர் நடந்துதான் வந்தார். ஆனால் இந்த முறை பேச்சிமுத்துவுக்கு முன்னால் நடந்தார், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இதனால் அறிவது: பிறரை நம்பாதவன், கூலி பேசி இறக்கிவைத்த சுமையையும் தானே சுமக்கிறான்.