நல்ல சகுனமும் தோட்டக்கள்ளனும்

ஒரு காட்டில் என்று தொடங்கத்தான் ஆசை, குழந்தைகளே. ஆனால் அந்தக் காட்டை வெட்டி நகரமாக்கிவிட்டார்கள். பேருந்துப் பணிமனைக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் நடுவே ஒரு தோட்டம் மட்டும் இருந்தது. நொச்சி, ஆவாரை, நுணா என்று அந்த மண்ணின் செடிகளையே அங்கே நட்டிருந்தார்கள்.

நுணாவின் அகன்ற இலையைச் சுருட்டித் தைத்து, அதற்குள் தையல்சிட்டு மூன்று முட்டைகள் இட்டிருந்தது. புரட்டாசி முடிகிற அன்று ஒரு முட்டையைக் காணவில்லை.

"எவன் எடுத்தான்? கண்ணில் படட்டும், கொத்திக் கிழிக்கிறேன்!" என்று அந்தச் சின்னஞ்சிறு பறவை தோட்டம் அதிரக் கத்தியது.

மூன்று நாள் கழித்து, ஐப்பசியின் முதல் மழையோடு வடக்கிலிருந்து ஒரு பறவை வந்து இறங்கியது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். ஆண்டுதோறும் குளிருக்குத் தெற்கே வரும் பறவை அது. சருகைப் புரட்டிப் புழு தின்னும். புதர் மறைவிலேயே நடப்பதால் அதற்குத் தோட்டக்கள்ளன் என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏழு தவிட்டுக்குருவிகள்தாம் அதை முதலில் பார்த்தன. "கள்ளன் வந்துவிட்டான்! கள்ளன் வந்துவிட்டான்!"

"என் முட்டை எங்கேடா?" என்று பாய்ந்தது தையல்சிட்டு.

"எந்த முட்டை, அக்கா? நான் இன்று விடியற்காலையில்தான் வந்தேன். இறக்கை வலிகூட இன்னும் தீரவில்லை. உங்கள் முட்டை எப்போது போனது?"

"மூன்று நாளாகிறது."

"அன்றைக்கு நான் கிருஷ்ணா ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருந்தேன்!"

சிட்டு தயங்கியது. அப்போது செம்போத்து வேலிமேல் வந்து உட்கார்ந்தது. செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று ஊரே சொல்லும். அதனால் அதன் பேச்சை அங்கே யாரும் மறுப்பதில்லை.

"தங்கச்சி, பெயரே கள்ளன். இவனிடம் போய் நாள், கிழமை கேட்டுக்கொண்டு நிற்கிறாயே! நெருப்பில்லாமல் புகையுமா?"

"அதானே! விரட்டு, விரட்டு!" என்று ஏழும் கூச்சலிட்டன.

"நீங்களும் வாருங்கள், அண்ணா" என்றது சிட்டு.

"எனக்கு ஏதம்மா அவ்வளவு வேகம்? நாலு முழம் பறந்தாலே மூச்சு வாங்கும். நீங்கள் போய் வாருங்கள். கூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எட்டும் சேர்ந்து தோட்டக்கள்ளனைக் கொத்தின. மதிலைத் தாண்டித் துரத்தின. அது பேருந்துகளுக்கு நடுவே தட்டுத்தடுமாறிப் பறந்து, பணிமனையில் நின்ற ஒரு பழைய பேருந்தின் அடியில் போய் விழுந்தது.

தையல்சிட்டு நிம்மதியாகத் திரும்பியது. கூட்டின் தையல் பிரிந்து கிடந்தது. உள்ளே ஒரு முட்டையும் இல்லை. பக்கத்துக் கிளையில் செம்போத்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, என் முட்டைகள் எங்கே?"

"ஐயோ, இல்லையா? நான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். அந்தக் கள்ளன்தான்..."

"அவனா? அவன் எங்கள் எட்டுப் பேர் அலகுக்கு நடுவில் அல்லவா இருந்தான்!"

தவிட்டுக்குருவிகள் ஒவ்வொன்றாக நழுவிப் பறந்தன.

"நல்ல சகுனத்தோடு சண்டை போடாதே, தங்கச்சி. குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, செம்போத்து மெல்ல நடந்து புதருக்குள் போயிற்று.

தையல்சிட்டு பணிமனைக்குப் பறந்தது. "தம்பி, தப்பு செய்துவிட்டேன். தோட்டத்துக்கு வந்துவிடு."

பிய்ந்த இறகோடு பேருந்தின் அடியில் கிடந்த தோட்டக்கள்ளன் நிமிர்ந்து பார்த்தது.

"வரமாட்டேன். என்னை அடித்ததுகூடப் போகட்டும். நான் சொன்னது உன் காதில் விழுந்தது. உனக்குப் புரியவும் புரிந்தது. அப்புறமும், கூட்டை யாரிடம் விட்டுவிட்டு என்னைத் துரத்த வந்தாய்?"



நீதி: ஊர் வைத்த பெயரை நம்பிக் கோபம் கொள்பவர், கள்ளனையே காவலுக்கு வைப்பார்.